நாற்பத்தேழாம் எண் சட்டை

என் அக்காவுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். எங்கள் சலவைக்கடைக்குச் சட்டை போட வந்தவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தாள். மாமா கஞ்சி போட்ட சட்டைபோல நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நடப்பார். தெருவே அவரைக் 'கஞ்சி' என்றுதான் கூப்பிடும். அக்கா மட்டும் கோபித்துக்கொள்வாள்.

எங்கள் தொழிலில், வருகிற துணிக்கெல்லாம் அழியாத மையில் எண் எழுதிய சிறு துணித்துண்டைப் பொத்தான் துளையில் கட்டுவோம். எண் இருந்தால்தான் துணி சொந்தக்காரரிடம் போய்ச் சேரும். தேய்த்து முடித்ததும் அதை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிடுவோம். மாமாவின் எண் நாற்பத்தேழு. கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா அதைக் கட்டித்தான் அவர் சட்டையைத் துவைத்தாள்.

"வீட்டு ஆளுக்கு எதுக்குடி எண்ணு?" என்று மாமா சிரிப்பார்.

"நீங்க தொலைஞ்சு போயிட்டா?" என்பாள்.

ஆறாம் வருஷம் காய்ச்சலில் மாமா போய்விட்டார். துவைக்க எடுத்து வைத்திருந்த அவருடைய சட்டை எண்ணோடு பின்னறைக் கம்பியில் தொங்கியது. அக்கா யாரையும் தொட விடவில்லை.

ஒரு மாதம் கழித்து, மதியம் மூன்று மணிக்கு, பின்னறையில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அந்தச் சட்டை உள்ளே ஆள் இருப்பதுபோல உப்பியிருந்தது. வெறும் சட்டைக்கை மெல்ல எழுந்து அவள் தோளில் விழுந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன்.

"கத்தாதடி. எண்ணைப் பார்த்து வந்துட்டாரு."

"செத்தவரோட குடும்பம் நடத்துறியா? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியம்தான். போடி."

தினமும் மூன்று மணிக்கு வந்தார். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்து நின்றாலும் அவள் உள்ளங்கை சில்லென்றே இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாகிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். அதைக் கேட்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும், "அந்தச் சட்டையை எடுத்துட்டு வாடி, அவர் தேடுவாரு" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை, வீட்டுக்கு ஓடினேன். காலரில் அழுக்கு, தோளில் தூசி. நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு இப்படியா கொண்டுபோவது? துவைத்தேன், கஞ்சி போட்டேன், தேய்த்தேன். தேய்த்து முடித்ததும், இத்தனை வருஷப் பழக்கத்தில், என் கை அந்த எண்ணை அவிழ்த்து வெந்நீர் அடுப்பில் போட்டது.

அக்கா சட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"எண் எங்கடி?"

மூன்று மணி ஆனது. சட்டை தட்டையாகவே கிடந்தது. பிறகு எத்தனையோ துண்டில் நாற்பத்தேழு எழுதிக் கட்டிப் பார்த்தாள். அவர் வரவில்லை.

அக்கா பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியது, கையில் சூடு வந்தது. முப்பது வருஷம் என் எதிரில் நின்று ஊரார் துணியைத் தேய்த்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், பாவி.

போன மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்தாள்.

"அவரால வர முடியலடி. நான் போறேன். எனக்கு அந்த எண்ணைக் கட்டிவிடு."

அவள் அடங்கியதும் நாற்பத்தேழு எழுதி மணிக்கட்டில் இரட்டை முடிச்சாகக் கட்டினேன். பழக்கதோஷத்தில் அவிழ்த்துவிடுவேனோ என்ற பயத்தில், அவளை எடுத்துப் போகும்வரை கைகளைக் கட்டிக்கொண்டே நின்றேன்.