மிளகாய் காய்ந்த இடம்

முத்தம்மாள் அக்கா வீட்டில் காலை பத்து மணிக்கும் டியூப்லைட் எரியும். குமணன்சாவடி பஸ் நிறுத்தத்திலிருந்து உள்ளே வந்தால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்து வீடுகள். நான்காவதில் நான் இருக்கிறேன். கடைசி வீடு அக்காவுடையது. கிழக்கிலும் வடக்கிலும் மூன்று மாடிகள் எழும்பிவிட்டதால், அவர் ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர்தான்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருமழிசையில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருடம் பேக்கிங் வேலை பார்த்தார். அது மூடியதும் சேலையின் அடிக்கரையில் உள்பக்கமாக ஃபால்ஸ் துணி வைத்துத் தைக்க உட்கார்ந்தார். ஃபால்ஸ் தைப்பதில் நூலின் நிறம்தான் எல்லாம். சேலையோடு சேராத நூல் போட்டால் கரை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். டியூப்லைட்டில் கறுப்பும் கருநீலமும் ஒன்றுபோலத் தெரிவதால், ஒவ்வொரு நூலையும் தெருவரை எடுத்துப் போய் வெயிலில் பார்த்துவிட்டு வருவார். முழங்கால் வீங்கியபின் அந்த நடை குறைந்தது. தவறு கூடியது.

ஆடி மாதம், தைக்கச் சேலை தரும் பூந்தமல்லிக் கடைக்கார ரேகா மூன்று சேலைகளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா நான் வேற ஆள பாத்துக்கிறேங்க்கா. கஸ்டமர் என்னத்தான் கேக்குறாங்க" என்றாள். அன்று மதியம் அக்கா தட்டில் சோறு போட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பானையிலேயே திரும்பக் கொட்டினார். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இரண்டாவது வீட்டுச் சம்பந்தம் அண்ணன் கொத்தனார். அவர்தான் வழி சொன்னார். "கூரையில ரெண்டடிக்கு ரெண்டடி வெட்டி கண்ணாடி போட்டுரலாம். காங்கிரீட்டு உள்ள இருக்குற கம்பிய தொட மாட்டேன், அதுபாட்டுக்கு இருக்கும். வெயிலு எங்க நிக்குதுன்னு மட்டும் காட்டு."

அக்கா யோசிக்கவே இல்லை. மாடியில் மிளகாய் காயவைக்கும்போது நிழல் துரத்தத் துரத்தச் சாக்கை இழுத்துக்கொண்டே போவார். பதினொன்றிலிருந்து மூன்றுவரை வெயில் தங்குவது ஒரே இடத்தில்தான். தென்மேற்கு மூலை. அந்தப் பக்கம் வெறும் லாரி ஷெட்.

தென்மேற்கு என்றால் கன்னி மூலை, வாஸ்துப்படி ஓட்டை போடக்கூடாத இடம். வீட்டுக்காரர் உலகநாதன் இந்த ஊரின் பழைய குடும்பம். நிலத்தை விற்று இந்த வீடுகளைக் கட்டினார். எதிரே இருக்கும் தன் வீட்டில் வாஸ்து பார்த்து இரண்டு முறை அடுப்பை இடம் மாற்றியவர். "வெளிச்சத்துக்கு மேல ஒரு கண்ணாடி போட்டுக்கறேன் நைனா" என்று அக்கா கேட்டபோது போனைப் பார்த்தபடியே தலையாட்டினார். எந்த மூலை என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு புதன்கிழமை கூரை வெட்டும் மெஷின் அலறியது. பத்து நிமிடத்தில் உலகநாதன் மாடியில் நின்றார்.

"நிறுத்துடா மெஷின! கன்னி மூலையில ஓட்ட போடுறீங்களே, ஊட்ல ஆம்பள தங்குவானா?"

"என் ஊட்ல ஆம்பள போயி பத்து வருசம் ஆச்சு நைனா. இனிமே போறதுக்கு யாரு கீறா?" என்றார் அக்கா.

"ஊடு என்னுதுமே! நான் கீறேன் இல்ல?"

சம்பந்தம் அண்ணன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். உலகநாதன் சிரிக்கவில்லை. "இன்னிக்கே பூசி மூடு. இல்லன்னா காலி பண்ணிகினு போய்க்கினே இரு."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. நான் ஆறாவதோடு நின்றவள். அந்த மனிதரை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க் ஏற்றிய அன்று அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. மாடித் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"நைனா... உங்க ஊட்டு டேங்க்க கன்னி மூலையிலதான வெச்சீங்க. அந்த மூல உசரமா இருக்கணும்னு சொன்னீங்க."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"இங்கயும் சுத்தி செவுரு எழுப்பி, அது மேல கண்ணாடி வெச்சா..."

சம்பந்தம் அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ரெண்டடி ஏத்திர்றேன் நைனா. மழ தண்ணியும் எறங்காது. இந்தத் தெருவுலயே உன் கன்னி மூலதான் உசரம்!"

உலகநாதன் அந்த இடத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். "என் ஊட்ல எவனாவது தும்முனாகூட அன்னிக்கே மூடிருவேன், சொல்லிட்டேன்" என்று இறங்கிப் போனார்.

சனிக்கிழமை கண்ணாடி உட்கார்ந்தது. பதினொன்றரை மணிக்குத் தரையில் வெயில் விழுந்தது, நடுவில் கம்பிகளின் நிழலோடு. அக்கா அதை ரசிக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு ரேகா வரவேண்டும். முன்பே தைத்து மடித்து வைத்திருந்த எட்டுச் சேலைகளை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அந்த வெளிச்சத்தில் பிரித்தார். முதல் இரண்டும் சரி. மூன்றாவது கருநீலம். கரை நெடுகக் கறுப்பு நூல். ஐந்தாவதும் அப்படியே.

"இப்டியே எடுத்துகினு போயிருப்பாளே, சுதா" என்றார் என்னிடம். "பிளேடு கொடு."

நான் தையலைப் பிரித்தேன். அவர் தைத்தார். வெளிச்சம் நகர நகர மிளகாய்ச் சாக்கைப்போலப் பாயை இழுத்துக்கொண்டே போனோம். மணி கேட்டுக்கொண்டே இருந்தார். ரேகா மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டாள். ஐந்தாவதில் இரண்டு முழம் பாக்கி.

"இன்னாக்கா, லைட்டு போடாம தைக்கிற?"

அப்போதுதான் நாங்களும் சுவிட்சைப் பார்த்தோம். காலையிலிருந்து போடவே இல்லை. ரேகா தைத்து முடித்திருந்த கருநீலச் சேலையைத் தூக்கிப் பிடித்து நூலைத் தேடினாள். கண்ணில் படவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம பத்து சேல தரேன்க்கா."

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். எதிர்வீட்டில் யாரோ பலமாகத் தும்மினார்கள். நானும் அக்காவும் ஒன்றாக அண்ணாந்து கண்ணாடியைப் பார்த்தோம்.