கோப்பையோடு ஆளைத் தேடிய மணப்பெண்

கனடாவில், பிறம்ரன் நகர வெயார்ஹவுசில் என்னோடு வேலை செய்கிற நைஜீரிய நண்பர், மகளின் கலியாணம் நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே வந்தார். அவர்களுடைய இக்போ வழக்கப்படி, தகப்பன் கொடுக்கும் கள்ளுக்கோப்பையோடு மணப்பெண் கூட்டத்துக்குள் போய், மாப்பிள்ளையைத் தேடிப்பிடித்துக் குடிக்கக் கொடுக்கவேண்டும். அது நடக்காவிட்டால் தேவாலயப் பக்கமே வரமாட்டேன் என்று அவருடைய தமையன் ஒற்றைக்காலில் நின்றார். கள்ளு என்றால் தன் சபையில் கலியாணம் இல்லை என்றார் பாஸ்ரர். நடுவில் மனிசன் இடிபட்டார்.

எனக்குப் பாஸ்ரர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். சிலுவை பொறித்த தாலியைச் சாமியாரே ஆசீர்வதித்துத் தர, பீடத்துக்கு முன்னால் நின்றுதான் நான் கட்டினேன். ஒரு கோப்பையால் வேதத்துக்கு என்ன குறைந்துவிடும்?

ஆனால் அந்தப் பாஸ்ரர் கெட்டிக்காரர். கோப்பை எதற்கு என்று நண்பரையே கேட்டிருக்கிறார்.

"இவர்தான் எனக்கு வேணும் எண்டு எல்லாருக்கும் முன்னாலை காட்டத்தான்."

"அதைத்தானே நானும் பீடத்திலை கேக்கிறன்! திருவிருந்துக்கு வைக்கிற திராட்சைச் சாறை ஊத்துங்கோ. நானும் வாறன்."

தமையன் அதை ருசி பார்த்து, "சின்னப்பிள்ளையள் குடிக்கிறது" என்று முகத்தைச் சுளித்தார். ஆனாலும் சம்மதித்தார்.

மண்டபத்தில் அந்தப் பிள்ளை கோப்பையோடு ஆடி ஆடி வந்தாள். ஆண்கள் எல்லாரும் கையை நீட்டிக் கூப்பிட்டார்கள். குடிக்கக் கொடுக்கிறார்களாக்கும், வாங்காவிட்டால் மரியாதையில்லை என்று நானும் இரண்டு கையையும் நீட்டினேன். மண்டபமே சிரித்தது. பெண்ணை ஏமாற்றிப் பார்க்கிற விளையாட்டாம் அது.

"இந்த வயசிலை உங்களுக்கு இன்னொரு கலியாணம் கேக்குதோ?" என்றாள் மனைவி.

எனக்குப் பக்கத்தில் கை நீட்டிக்கொண்டிருந்தவர் பாஸ்ரர். இப்படி ஒரு மனிதரையா மனதுக்குள் திட்டினேன் என்று எனக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது. அவள் எங்கள் இரண்டு பேரையும் தாண்டிப்போய், மாப்பிள்ளைக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்துக்குத் தமையனும் வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். நண்பர் திரும்பித் திரும்பி அவரையே பார்த்தார்.

பீடத்தில் பாஸ்ரர் மணப்பெண்ணிடம் சொன்னார்: "பிள்ளை, உன்ரை சம்மதத்தை நீ கோப்பையோடை நடந்தே சொல்லிப்போட்டாய். நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். இப்ப வாயாலையும் ஒருக்காச் சொல்லு."

அவள் வாய் திறக்குமுன்னே கடைசி வரிசையிலிருந்து தமையன் உரத்த குரலில் "ஆமென்" என்றார்.