சாரதாம்பாள் வீட்டு முப்பது யூனிட்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் சாரதாம்பாளைப் பற்றி நிம்மதியாகப் பேசலாம்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த மறு வருஷம், ரப்பர் தோட்டத்து வேலை போய் மலாக்கா டவுனுக்கு வந்தேன். கரண்ட் ஆபீசில் மீட்டர் பார்க்கும் வேலை கிடைத்தது. பழைய ஆள் நின்றுவிட்டார். அரைநாள் சொல்லிக்கொடுத்து, கையில் ஒரு நோட்டைத் திணித்துத் தெருவில் விட்டார்கள். ரப்பர் பால் எடை போடத் தெரிந்தவனுக்கு மீட்டர் என்ன பிரமாதம் என்ற நினைப்பு எனக்கு. அந்த மண்டைக்கனத்தின் முதல் பலி சாரதாம்பாள்.

அவர் புருஷன் கருணாகரன் லாரி டிரைவர். அவரை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கடிதம்கூட வரவில்லை. காஜா பெராங்கில் அவர்கள் இருந்த வீட்டுக்கு வாடகை கொடுக்க முடியாமல், சாரதாம்பாள் இரண்டு பெண் குழந்தைகளோடு உஜோங் பாசிரில் கரண்ட் இல்லாத ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசைக்குப் போனார். மரவள்ளிக்கிழங்குப் பணியாரம் சுட்டு விற்றுப் பிழைப்பு. வீட்டைக் காலி செய்கிறேன் என்று முறையாக எங்கள் ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று பழைய ஆள் மீட்டரைப் பார்த்து 412 என்று எழுதிவைத்தார். வயரை வெட்ட வேண்டியவன் மட்டும் வரவேயில்லை. நாற்பது நாள் கழித்து நான் போய்ப் பார்த்து 536 என்று எழுதினேன். நூற்று இருபத்து நாலு யூனிட்டுக்குப் பில் போனது.

மாதம் ஒன்பது யூனிட்டுக்கு மேல் அந்த வீடு தாண்டியதே கிடையாது. பில்லைக் கட்டி, பாக்கி இல்லை என்று எங்கள் சீட்டை வாங்கிக் காட்டினால்தான் அரிசி அட்டையில் உஜோங் பாசிர் முகவரி ஏறும். ஏறாவிட்டால் குழந்தைகளுக்கு அரிசி கிடையாது. கட்டுவதென்றால் ஒரு வருஷம் பணியாரம் சுட வேண்டும்.

பில்லோடு நேராக என் மேசைக்கு வந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. எப்படி இவ்வளவு வந்தது என்று மட்டும் கேட்டார். நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வயர் இன்னும் வெட்டவில்லை, மீட்டர் ஓடியிருக்கிறது, மீட்டர் பொய் சொல்லாது என்று பெரிய மனுஷன்போல் பேசினேன். வயர் வெட்டவில்லை என்றதும் அவர் முகம் மாறியது. பில்லை மடித்துக்கொண்டு போய்விட்டார். பார்த்தாயா, வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மறுபடி வந்தார். என்னைத் தாண்டி, எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கணேசமூர்த்தி முன்னால் போய் நின்றார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தான். கரண்டை வீணாக்கியவர்களை வெயிலில் நிறுத்தி அறைவது அவனுக்கு வழக்கம். அது ஊருக்கே தெரியும், சாரதாம்பாளுக்கும் தெரியும்.

"கிராணி ஐயா, ஒரு வெளக்கு நான் எரிய விட்டுட்டுத்தான் போனேன்," என்றார் சாரதாம்பாள்.

கணேசமூர்த்தி பதறிப்போய்த் தடுப்பைப் பார்த்தார். மெதுவாகப் பேசச் சொன்னார். சாரதாம்பாள் குரலைத் தாழ்த்தினாரே தவிர விஷயத்தை மாற்றவில்லை. குடியிருந்த வீட்டை இருட்டாக விட்டுப் போவது நம் வழக்கமில்லை. சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம், எண்ணெய் தீர்ந்ததும் அது தானாக அணையும். எண்ணெய் வாங்க வழியில்லாத சாரதாம்பாள், மாடத்துக்கு மேலிருந்த பல்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் வயரை வெட்டிவிடுவார்கள், அதுவும் தானாக அணைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மற்ற இரண்டு பல்பையும் கழற்றி, விற்று, குழந்தைகளுக்குத் துணி வாங்கியாகிவிட்டது.

பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேசைமேல் புளியங்கொட்டைகளைக் கொட்டினார். ஒரு பல்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு கொட்டை. மூன்று பல்பு நாலு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கொட்டை. அதற்கு மாதம் ஒன்பது யூனிட், பழைய பில்களே சாட்சி. ஒரே பல்பு இரவு பகலாக எரிந்தால் இருபத்து நாலு கொட்டை. அதாவது இரண்டு மடங்கு, மாதம் பதினெட்டு. அவர் வீட்டை விட்டு இன்றோடு ஐம்பது நாள்.

"முப்பது யூனிட்டு என்னுது, ஐயா. அதுக்கு மேல ஒண்ணுகூட என்னுது இல்ல."

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். நான் ஏழாம் வகுப்பு.

கணேசமூர்த்தி அப்போதே என்னையும் கூட்டிக்கொண்டு காஜா பெராங்குக்குச் சாரதாம்பாளோடு கிளம்பினார். மீட்டர் வாசல் சுவரில் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். 442. பத்து நாளைக்கு முன்னால் நான் 536 என்று எழுதிய மீட்டர். பக்கத்துப் பக்கத்து வட்டங்களில் முட்கள் ஒன்று வலமாகச் சுற்றும், அடுத்தது இடமாகச் சுற்றும். எல்லாவற்றையும் நான் ஒரே பக்கமாகப் படித்ததில், நூறு வட்டத்தில் நாலைத் தாண்டி நின்ற முள் எனக்கு ஐந்தாகிவிட்டது. 412க்கு மேல் சரியாக முப்பது. கணேசமூர்த்தி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு நாலு அறை தேவலை.

வீட்டுக்காரரிடம் சாவி வாங்கிக் கதவைத் திறந்தோம். வெறும் வீடு. மாடத்துக்கு மேல் அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அணைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன். சாரதாம்பாள் தடுத்தார்.

"கொஞ்சம் இருங்க தம்பி. சயாம்லருந்து அவங்க வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவாங்க. இருட்டா கெடந்தா நாங்க செத்துட்டோம்னு நெனச்சிருவாங்க."

முந்தானையால் மாடத்தை ஒரு தடவை துடைத்தார். பிறகு அவரே விளக்கை அணைத்தார்.

ஆபீசுக்குத் திரும்பியதும், பத்து யூனிட் என்று எழுதிக்கொள்ளலாம் என்று கணேசமூர்த்தி இரக்கப்பட்டார். சாரதாம்பாள் ஒத்துக்கொள்ளவில்லை. கையிலிருந்ததை வைத்து, மீதிக்கு மூக்குத்தியைப் பக்கத்துக் கடையில் கொடுத்து, முப்பதுக்கும் கட்டினார். சீட்டு கையில் வந்ததும் அரிசி அட்டையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

மீட்டர் கோளாறு என்று எழுதி என்னைக் காப்பாற்றப் பார்த்தார் கணேசமூர்த்தி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு குழந்தைகளின் அரிசியைப் பணயம் வைத்து ஒரு பெண் உண்மை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், நான் பேனாவுக்குப் பின்னால் ஒளிவதா? தடுப்பைத் தாண்டிப் போய், குனிந்து வணங்கி, தப்பு என்னுடையது என்றேன். இரண்டு அறை விழுந்தது. ஒரு வாரம் கஞ்சிதான் குடிக்க முடிந்தது.

கன்னத்து வீக்கம் வடிந்ததும் காஜா பெராங்குக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, கதவில் கரித்துண்டால் பெரிதாக எழுதினேன்: "கருணாகரன், உங்கள் வீட்டார் உஜோங் பாசிரில் இருக்கிறார்கள். மூன்று பேரும் நலம்." மாதாமாதம் மீட்டர் பார்க்கப் போகும்போது, மழையில் கரைந்த எழுத்தைத் திரும்ப எழுதுவேன். புதிதாகக் குடிவந்தவர்களும் அதை அழிக்கவில்லை.

சண்டை முடிந்த வருஷக் கடைசியில், எலும்பும் தோலுமாக ஒருவர் அந்த வாசலுக்கு வந்தாராம். கதவை ஒரு தடவை படித்தாராம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்களாம். அதைக்கூட வாங்காமல் உஜோங் பாசிர் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாராம்.