உப்புப் பார்க்காமல் சமைத்த கை

சபையாருக்கும் இதை வாசிக்கிற மற்ற எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆலயத்தில் எழுந்து நின்று பேசினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு லெந்து நோன்புக் காலத்தில் என் மருமகன் குமரன் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. சுபாங் ஜெயாவில் நண்பர்களோடு பூப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர், தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. என் மகள் ஷீலாவின் மடியில் அப்போது மூன்று மாதக் குழந்தை. எனக்கு அவள் ஒரே மகள். என் மனைவி காலமாகிப் பல வருடம் ஆகிறது. அடக்கம் முடிந்த கையோடு மகளையும் பேரனையும் கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

வந்த சில நாட்களில் அவளுக்குப் பால் வற்றத் தொடங்கியது. குழந்தையோ புட்டியை வாயருகில் கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்கு வகை மாவுப்பால் வாங்கினேன். ஐந்து வகை ரப்பர்க் காம்பு வாங்கினேன். எல்லாவற்றையும் துப்பினான். கரண்டியால் ஊட்டினால் பாதி கழுத்தில் வழிந்தது. அரசாங்கக் கிளினிக்கில் எடை பார்த்த தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், எடை குறைந்திருக்கிறது என்றார். அடுத்த வாரமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றார். முதலில் தாயைச் சாப்பிட வையுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

அதுதான் முடியவில்லை. ஷீலா எதையும் சாப்பிடவில்லை. வாயில் வைப்பாள், மெல்லுவாள், விழுங்காமல் சுவரைப் பார்ப்பாள்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்ட விடக்கூடாது என்று நம் சபைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு சமைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் நான் நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ சாப்பாட்டுக் கடைகளை இழுத்து மூடியிருக்கிறேன். வருகிற டப்பாக்களை வாசலிலேயே எண்ணுவேன். மூடியைத் தூக்கி மோந்து பார்ப்பேன். எத்தனை மணிக்கு இறக்கியது, தேங்காய்ப்பால் சேர்த்ததா, காரில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பேன். ஒரு சகோதரி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். மறுநாள் அவர் வரவில்லை.

வந்த சாப்பாடெல்லாம் நல்ல சாப்பாடுதான். நெய்ச்சோறு, சாம்பார், பொரியல், ஒரு நாள் கோழிக் குருமா. ஷீலாவுக்கு எதுவும் இறங்கவில்லை. குளிர்பெட்டியில் இடமில்லை, அவள் வயிற்றில் ஒன்றுமில்லை. நான் வைத்த கஞ்சியும் அப்படியே திரும்பி வந்தது.

ஒரு பிற்பகல், குழந்தை அழுது அழுது குரல் கம்மிப்போனபோது, பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் கையூன்றி நின்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. “ஆண்டவரே, இந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு இறங்கணும். அப்படிச் சமைக்கிற ஒரு கையை அனுப்பும். சீக்கிரம் அனுப்பும்” என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை வாசல் கேட்டுக்கு வெளியே என் சம்பந்தி நின்றார்.

புவனேஸ்வரி அம்மா குமரனின் தாய். யாழ்ப்பாணக் குடும்பம். பிரிக்ஃபீல்ட்ஸில் தனியாக இருக்கிறார். சைவத்தில் பிடிப்பு உள்ளவர். குமரன் கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றதில் அவருக்கு வருத்தம் உண்டு. மரணத்தில் அது பெரிதாகிவிட்டது. தகனம் செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார். சபை முறைப்படி அடக்கம்தான் என்று நான் சொன்னேன். ஷீலா என் பக்கம் நின்றாள். கல்லறைத் தோட்டத்தில் அந்த அம்மா தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

கேட்டின் கம்பிகளுக்கு மேலாக, துவாலை சுற்றிய ஒரு டிபன் கேரியரை நீட்டினார்.

“சூட்டோட குடுங்கோ. ஆற விடாதேங்கோ” என்றார்.

உள்ளே வரச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரயில் நிலையம் பக்கம் நடந்தார். பேரனைப் பார்க்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

எனக்கு அப்போதே மனதில் முள் தைத்துவிட்டது. மகனைப் புதைத்த கோபம் ஆறாத பெண் கொமியூட்டர் ரயில் ஏறி ஒரு மணி நேரம் எதற்காக வருகிறார்? வந்தவர் பேரனை ஏன் பார்க்கவில்லை? கேரியரைத் திறந்தேன். மேல் தட்டில் சோறு. நடுவில் மிளகும் மல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்துப் பூண்டு போட்ட குழம்பு. அடித்தட்டில் தேங்காய்ப்பூவோடு உதிர்த்து வதக்கிய சுறா.

சுறா! அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை மீன் வாசலைத் தாண்டாது. கல்யாணப் பேச்சு நடந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். பெற்ற மகன் போய் இரண்டு வாரம் ஆகவில்லை, இந்த அம்மா மீன் சமைக்கிறாரா? இது இவர் சமைத்ததே இல்லையோ? யாரிடமோ சொல்லி, எதற்காகவோ செய்து வாங்கினதோ? விசுவாசி இதையெல்லாம் நினைக்கக்கூடாது. நினைத்தேன். சாப்பாட்டில் ‘மருந்து’ வைத்து மனதைத் திருப்பிய கதைகளைச் சின்ன வயதில் நிறையக் கேட்டவன் நான்.

எல்லாத் தட்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து நானே முதலில் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஷீலாவிடம் கொண்டுபோனேன். ஆறிப்போன சுறாவின் வாடைக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நான்கு நாள் இதே கதை. அவர் வருவார், நீட்டுவார், போவார். நான் ருசி பார்ப்பேன், காத்திருப்பேன், அவள் தள்ளுவாள். பின்கட்டில் போய், இன்னும் பதில் வரவில்லையே ஆண்டவரே என்று முறையிடுவேன்.

என் சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. உப்பு. ஒரு நாள் உப்பே இல்லை. மறுநாள் கடல் தண்ணீர். மூன்றாம் நாள் குழம்பில் சரி, மீனில் இல்லை. அந்த அம்மாவின் கைப்பக்குவம் எனக்குத் தெரியும், அப்படித் தப்புகிற கை இல்லை. வேறு வேறு ஆட்கள் சமைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். சபைப் பெண்களில் மூத்தவரான ஜெயசீலி அக்காவிடம் இதைச் சொன்னேன்.

“அண்ணே, நீங்க ருசி பாக்கறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா?” என்றார்.

நான் மருந்து விஷயத்தையும் மெதுவாகச் சொன்னேன்.

“மருந்து வெக்கிறவங்க உப்பையாவது ஒழுங்கா போட்டிருப்பாங்க லா. கண்டுபிடிக்கக் கூடாதுல்ல? ஐயோ அண்ணே, அந்தம்மாவப் போயி நேர்ல கேளுங்க. இங்க உக்காந்து மோந்துகிட்டே இருந்தா பிள்ள இளைச்சிரும்.”

அன்று மாலை பேரனைத் தூக்கியபோது கையில் கனமே தெரியவில்லை. எடை பார்க்கும் நாளுக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

மறுநாள் முதல் கொமியூட்டரில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். உண்மையைச் சொல்கிறேன், கேட்கப் போகவில்லை, பிடிக்கப் போனேன். அதனால் முன்வாசலுக்குப் போகாமல் பின் சந்து வழியாக நுழைந்தேன். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே துணி காயப்போடும் இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஒற்றை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புவனேஸ்வரி அம்மா வெள்ளைச் சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து சுறாவைக் கிண்டிக்கொண்டிருந்தார். வீட்டின் பின்கதவு சாத்தியிருந்தது. அடி இடுக்கில் ஈரத்துணி அடைத்திருந்தது, வாடை உள்ளே போகாதபடி. பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், மாற்றுச் சேலை.

என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். “குழந்தைக்கு என்ன?” என்றார் முதலில்.

ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, இத்தனை தூரம் வந்தவன் கேட்டே தீரவேண்டும் என்று, உப்பு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் கேள்வி எனக்கே சின்னத்தனமாகப் பட்டது.

“நான் வாயில வைக்க ஏலாதே. முப்பத்தொண்டு முடியேல்லை. கைக்கணக்குக்குப் போடுறன். கூடிப் போச்சுதோ?”

உள்ளே மகனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. அந்த வீட்டுக்குள் மீன் போகாது. ஆனால் பால் வற்றிய பெண்ணுக்குச் சுறா கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதனால் வெளியே சமைத்து, தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்து, வேறு சேலை உடுத்தி, பிறகு ரயில் ஏறுகிறார். விரதத்தையும் விடவில்லை, மருமகளையும் விடவில்லை. பால் வற்றியது எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஷீலாவிடம் தொலைபேசியில் பேசியபோது பின்னால் குழந்தை அழுத விதத்திலேயே தெரிந்ததாம்.

“அப்ப ஏன் உள்ள வரமாட்டேங்கிறீங்க? என் மேல கோபமா?” என்றேன்.

அடுப்பைத் தணித்தார்.

“கோபம் இருக்கு. இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அதுக்கில்லை. பேரன் அச்சா குமரன்தான். அந்த முகத்தைப் பாத்தா நான் அழுதிடுவன். நான் அழுதா அவளும் அழுவாள். அழுற தாய்க்குப் பால் நிண்டிடும். அதுதான் கேட்டோட நிக்கிறன்.”

நான் கேட்ட கையை ஆண்டவர் மறுநாள் காலையிலேயே அனுப்பிவிட்டார். நான் கேட்டில் நின்று அந்தக் கையைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அனுப்பினதைத் தினமும் இரண்டு மணி நேரம் ஆறவைத்தது நான்தான்.

அந்த அம்மா ஒரு கரண்டி எடுத்து என் முன் நீட்டினார். “உப்புப் பாத்துச் சொல்லுங்கோ.”

பார்த்தேன். இன்னும் ஒரு சிட்டிகை போடலாம் என்றேன். போட்டார். மறுபடி பார்த்தேன். சரி என்றேன். அவர் குளித்து வரும்வரை வெளியே நின்றேன். ரயிலில் நான் கேரியரை மடியில் வைத்துக்கொண்டேன், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். குமரன் உயிர் போன சுபாங் ஜெயாவின் நிலையம் வந்தபோது இருவரும் கீழே பார்த்துக்கொண்டோம்.

கேட்டோடு அவர் திரும்பிவிட்டார். நான் நேராக உள்ளே போய், ஷீலாவுக்குச் சூடாகப் போட்டுக் கொடுத்தேன். உன் மாமியார் எப்படிச் சமைக்கிறார் என்று சொன்னேன். எதற்காகக் கேட்டைத் தாண்டுவதில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் சுறாவைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். விழுங்கினாள். “உப்பு சரியா இருக்குப்பா” என்றாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அத்தனை நாளில் அவள் முதல் முறையாகச் சாப்பிட்டதை நான் நின்றுகொண்டே பார்த்தேன். கால் வலித்தது தெரியவில்லை.

அதன்பின் தினமும் காலையில் நான் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன், உப்புப் பார்க்க. ஓரிரு நாளில் பால் ஊறத் தொடங்கியது. எடை பார்க்கிற நாளில் மிஸ்ஸி தராசு முள்ளைக் காட்டிச் சிரித்தார். பெரிதாக ஏறவில்லை, ஆனால் ஏறியிருந்தது. குழாய் வேண்டாம் என்றார். கிளினிக் நடைபாதையில் நின்று சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் தள்ளி உட்கார்ந்தார்.

சுறாதான் செய்ததா, சூடான சாப்பாடு செய்ததா, தனக்காக ஒருத்தி தகரக் கூரையின் கீழ் குந்தியிருக்கிறாள் என்று தெரிந்தது செய்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆராய்ந்து ஆராய்ந்துதான் நான் பேரனைப் பட்டினி போட்டேன். கர்த்தர் செய்தார் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர் அனுப்புகிறவர் நம் சபையைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும் என்று நாம் நிபந்தனை போட முடியாது.

நான் முழுதாக மாறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் பாலை மோந்து பார்த்துத்தான் குடிக்கிறேன். ஆனால் இப்போது சபையின் சமையல் முறைப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. துக்க வீட்டுக்கு என் கையால் சமைத்துக் கொண்டுபோகிறேன். யார் யார் சாப்பிடுவார்கள், விரதத்துக்காக எதை விட்டிருக்கிறார்கள், எது தொண்டையில் இறங்கும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். டெங்கில் ஊர் வரைக்கும் போயிருக்கிறேன். யாராவது என் டப்பாவை மோந்து பார்த்தால் பேசாமல் நிற்கிறேன்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் இறங்காத சோறு இருக்கலாம். கேளுங்கள். கேட்டுவிட்டு, வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று புவனேஸ்வரி அம்மா கேரியர் இல்லாமல் வந்தார். கேட்டைத் தானே திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஷீலா அப்போதுதான் பால் கொடுத்து முடித்திருந்தாள். பிள்ளையின் வாயோரம் பால் வழிந்து காய்ந்திருந்தது. அதை விரலால் துடைத்துப் பார்த்தார்.

“இனிப் பயமில்லை” என்றார்.

பேரனைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சத்தமாக அழுதார். ஷீலாவும் அழுதாள். நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.