கிடைத்ததை வைத்து வாசித்தவர் அல்லர் குணா

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது சுமதி போன் செய்தார். "அண்ணே, டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருண்ணே. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி." அவர் கணவர், எங்கள் இசைக்குழுவின் கிடார் கலைஞர் குணசேகரன், இனி இல்லை. பதினெட்டு வருடம் அவர் பக்கத்தில் நின்று கீபோர்டு வாசித்தவன் நான். அந்தப் பஸ்ஸில் யாரிடம் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

அழுதுகொண்டே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. பதினாறாம் நாள் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் நம் குழு வைத்த பேனரைப் பார்த்தீர்கள் அல்லவா? 'கிடைத்ததை வைத்து வாசித்த எளிய கலைஞர்' என்று போட்டிருந்தார்கள். குணா எளியவர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிடைத்ததை வைத்து அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. அதை எழுதின கையை என்ன சொல்வது?

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது கிடார் வாசிப்பவர்கள் பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. காலடியில் ஒரு சின்ன மெஷின். ஏதோ ஒரு பெட்டியின் குரலை அப்படியே அச்செடுத்த ஒரு ஃபைல் அதற்குள் இருக்கும். ஐஆர் என்போம். எதைப் போடுகிறோமோ அந்தப் பெட்டி பேசும். இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. மற்றவர்கள் முதலில் வருவதைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். குணாவோ சுமதியிடம் கொடுத்து ஃபைல்களின் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் நம்பர் போடச் சொல்வார். பெயர் தெரிந்தால் காது ஏமாந்துவிடுமாம். கிடாரைத் தனியாகவும் கேட்க மாட்டார். நான் கீபோர்டு வாசிக்க வேண்டும், சுமதி தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பாட வேண்டும். "தனியா கேட்டா எல்லாமே ஷோக்காத்தான் இருக்கும். கூட நாலு பேரு பேசும்போது எவன் அடுத்தவன் வாய மூடாம பேசறானோ, அவந்தான் நமக்கு வேணும்" என்பார்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருவிழா. சவுண்டு சர்வீஸ்காரர் ஆசையாக ஒரு பெரிய கிடார் பெட்டியையே கொண்டுவந்து இறக்கியிருந்தார். குணாவின் மெஷினை அதில் சொருகியவன் நான். உண்மையான பெட்டி இருக்கும்போது ஐஆரை அணைத்துவிட வேண்டும். அணைக்க மறந்துவிட்டேன். பெட்டிக்குள் பெட்டி. முதல் பாட்டு முடிந்ததும் தினைக் காட்டிலிருந்து நேராக வந்திருந்த ஓர் அம்மா மேடையருகே வந்தார். "இன்னாங்க, கம்பளிய போத்திக்கினு வாசிக்கிறீங்களா?" நாங்களெல்லாம் சிரித்தோம். குணா மட்டும் சிரிக்கவில்லை. மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டு, ஐஆரை அணைத்துவிட்டு, அதே பாட்டை முதலிலிருந்து வாசித்தார். மலை இறங்கும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தம்மாவுக்குக் கேக்குது. உனுக்குக் கேக்கலையா?"

கடைசியில் இணையத்தில் இருந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கச்சிராயபாளையத்தில் மாமனார் வீட்டுக் கொட்டகையில், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்து ஒட்டுப்போட்ட தன் பழைய பெட்டியை வைத்து, மைக்கை விரலளவு நகர்த்தி நகர்த்தித் தானே ஐஆர் பதிவு செய்தார். மூன்று நாள். கிணற்று மோட்டாரின் சத்தம் மைக்கில் விழுகிறதென்று அதை நிறுத்தச் சொல்ல, கரும்பு காயுது என்று மாமனார் கத்தித் தீர்த்தார். எடுத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்தார். அதன் பெயர் 'கச்சி 3'. அதற்குப் பிறகு நீங்கள் கைதட்டிய ஒவ்வொரு பாட்டிலும் பேசியது அந்த ஒட்டுப்போட்ட பெட்டிதான். இவரா கிடைத்ததை வைத்து வாசித்தவர்?

அந்தப் பதினாறாம் நாள், குணா தன் வீட்டில் பதிவு செய்திருந்த கடைசி வாசிப்பை மண்டபத்தில் ஒலிக்கவிட்டார்கள். பளபளவென்று, ஊரெல்லாம் கேட்கிற ஏதோ ஒரு கிடார். முன்வரிசையில் இருந்த சுமதி எழுந்து என்னிடம் வந்தார்.

"அண்ணே, இது யாரு வாசிக்கறது?"

சவுண்டு மிக்ஸரை இயக்கியவரிடம் ஓடி நிறுத்தச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க ஐஆர் இல்லாம வெறும் கிடாரத்தானே அனுப்பினீங்க? கிடைச்சத போட்டேன். நல்லாத்தானே இருக்குது?"

கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். அனுப்பியது நான்தான். 'கச்சி 3'ஐச் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மண்டபத்தில் பாட்டு போனபோதும் எனக்கு உறைக்கவில்லை, தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேனர் எழுதியவர் மீது பாய்கிறேனே, அவராவது குணாவின் பக்கத்தில் பதினெட்டு வருடம் நின்றவர் இல்லை.

மறுநாள் குணா வீட்டுக்குப் போய், மெஷினிலிருந்து 'கச்சி 3'ஐ எடுத்து அந்தப் பதிவில் சேர்த்துப் போட்டேன். சுமதி தையல் மெஷினை நிறுத்தினார். பாட்டைக் கடைசிவரை கேட்டார். முடிந்ததும், "இது அவருதான்" என்றார்.

அந்த ஃபைல் இப்போது என்னிடம் இருக்கிறது. குணா வாசித்த பதிவு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து வேறு எதையும் போடாதீர்கள். என்னிடம் கேளுங்கள், தருகிறேன். அவர் விட்டுப்போன கேள்வி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்கும் தர முடியாது. உனுக்குக் கேக்கலையா?