டபிள்யூவில் கிடைத்த வன்னி

போன கிழமை மாங்குளம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்து வாங்கில் இரண்டு பல்கலைக்கழகப் பெடியன்கள். லீவு முடிந்து திரும்புகிறார்கள்.

“லைப்ரரியில அந்தக் கார்ட் லாச்சியளைக் கண்டாலே தலை சுத்துது மச்சான். சீனியரைக் கேட்டு நோட்ஸ் வாங்கிறதுதான் சுகம்” என்றான் ஒருவன்.

நியாயம்தான். எங்கள் காலத்திலும் அப்படித்தான். லாச்சி லாச்சியாய் இழுத்து, ஆயிரக்கணக்கான அட்டைகளைப் புரட்டிப் புத்தகம் தேட யாருக்குப் பொறுமை? எனக்கிருந்தது... காரணம் புத்தகம் அல்ல.

கடைசி வருஷம் எங்கள் வன்னிப் பகுதிக் குளங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப் புறப்பட்டேன். அட்டைகள் எல்லாம் ஆங்கிலம். ‘வி’ எழுத்து லாச்சியை இழுத்தேன். வன்னியே இல்லை! வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலும், பக்கத்தில் ஒரு குரல்.

“டபிள்யூவில பாருங்கோ. வெள்ளைக்காரன் அப்பிடித்தான் எழுதி வச்சிருக்கிறான்.”

பிலோமினா. முல்லைத்தீவுக் கரையோரப் பெண். தகப்பன் களப்பில், அந்தக் கடலோர உப்பேரியில், மீன் பிடிப்பவர். டபிள்யூவில் வன்னி இருந்தது — காடு, யானை, காய்ச்சல், குளம். மனிதர்கள்தான் இல்லை.

அவளுக்கு வேண்டியது அந்த மனிதர்கள். களப்பு மீனவக் குடும்பங்களைப் பற்றி எழுத ஆசை. விரிவுரையாளரோ, “லைப்ரரியில் புத்தகம் இல்லாவிட்டால் அது தலைப்பே இல்லை. தேயிலையைப் பற்றி எழுதும்” என்று சொல்லிவிட்டார்.

என் தேடலை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்து தேடினேன். மீன், வலை, களப்பு, கடற்கரை... நினைத்த சொல்லையெல்லாம் இழுத்துப் பார்த்தோம்.

“ஐயா பிடிக்கிற மீனுக்கு லத்தீன்ல பேர் இருக்கு. ஐயாவைப் பற்றித்தான் ஒண்டும் இல்லை” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

மறுநாள் விரிவுரையாளரின் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

“புத்தகம் இல்லை, சேர். ஆக்கள் இருக்கினம். நான் போய்க் கேட்டு எழுதுறன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில், “பெயில் விட்டால் என்னிடம் வந்து அழக்கூடாது” என்றார். அவ்வளவுதான் அனுமதி.

லீவுக்கு ஒரே ரயிலில் வந்தோம். என் ஊர் கனகராயன்குளம். வழக்கமாகப் புளியங்குளத்தில் இறங்குவேன். அன்றைக்கு இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் மாங்குளத்தில் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவு பஸ் வரைக்கும் போனேன்.

“உங்கட ஊருக்கு இதாலயே போறது?”

“ஓம்... இதாலயும் போகலாம்.”

பஸ் புறப்பட்டது. அவள் வேதக்காரப் பெண், நான் சைவக் குடும்பத்துப் பிள்ளை. அந்தக் காலம் எப்படியென்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனாலும் புழுதி அடங்கும் வரை அங்கேயே நின்றேன்.

லீவு முடிந்து கட்டுரையோடு வந்தாள். பிறகு அதற்கு நல்ல புள்ளியும் கிடைத்தது. விரிவுரையாளரே கூப்பிட்டுப் பாராட்டினார். பரீட்சை முடிந்து மன்னார்ப் பக்கம் ஆசிரியையாகப் போனாள். அங்கேயே கலியாணம் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு காணவில்லை.

கட்டுரையைக் கொடுக்குமுன் தட்டச்சுப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம்தான் தந்தாள். லைப்ரரியின் ஜன்னலோரம் இருந்து வாசித்தேன். தொழிலுக்குப் போன வள்ளம் திரும்பும்வரை கரையில் நிற்கும் பெண்களைப் பற்றி ஒரு பக்கம். ஒருவரோடொருவர் பேசமாட்டார்களாம், பேசினால் கண் தண்ணீரை விட்டு விலகிவிடுமாம்.

அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். நெஞ்சு முழுக்க எவ்வளவோ இருந்தது. தலை நிமிர்ந்தேன். எதிர்க் கதிரையில் அவள் — என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

“எப்பிடி இருக்கு?”

“தட்டச்சில ஒரு பிழையும் இல்லை” என்றேன்.

பட்டதாரியாம் பட்டதாரி!