நல்ல தண்ணீர் குடித்த கார்

போன வாரம் எங்கள் குடிதண்ணீரை ஒரு காருக்குக் கொட்டிக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள்.

வாலிநோக்கத்தில் வாக்கப்பட்ட என் தங்கை செல்லம்மாவுக்கு இரண்டாவது பிரசவம். விடிந்ததிலிருந்து வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள்.

ஊருக்கு ஒரே கார், ஒரு உப்பு வியாபாரியுடையது. டிரைவர் சேது கூப்பிட்டதும் வந்துவிட்டார். பின்னால் மாப்பிள்ளை அவளைத் தாங்கிக்கொள்ள, முன்னால் நான்.

ஏர்வாடி தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி! ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. கிளம்பும்போது நிறைய ஊற்றினாராம். அப்படியானால் எங்கே போயிற்று? குனிந்து பார்த்தேன்... தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

உடனே தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கத்தினேன். கொதிக்கிற இஞ்சினில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும், ஆறட்டும் என்றார் சேது. நியாயம்தான். ஆனால் பின்னால் அவள் முனகும்போது நியாயம் காதில் ஏறுமா?

அந்தக் காத்திருப்பில்தான் கண்ணில் பட்டது — ரேடியேட்டரிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடியில், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. கசிகிற தண்ணீர் இஞ்சின் சூட்டிலேயே வற்றிவிடுகிறது. உப்பு மட்டும் தங்கிவிடுகிறது, உப்பளத்துப் பாத்தி மாதிரி. குழாயை இறுக்கியிருந்த இரும்புப் பட்டையையும் அதே உப்பு அரித்துத் தின்றிருந்தது.

இத்தனை நாளும் உப்புத் தண்ணீரா ஊற்றினீர் என்று சேதுவைக் கேட்டேன்.

"மனுசருக்கே நல்ல தண்ணிக்கு ஊத்துல காத்துக் கெடக்குறாக. காருக்கு ஊத்துனா ஊர் சும்மா விடுமா?"



என் துண்டைக் கிழித்துக் குழாயை இறுக்கிக் கட்டினோம். சரி, ஊற்றுவதற்கு? சுற்றிலும் முள் மண்டிய உடைமரக் காடு. இருந்தது ஒரே ஒரு குடம் — செல்லம்மா தாகத்துக்கென்று வீட்டில் கொடுத்துவிட்ட நல்ல தண்ணீர். அவளுக்கோ நாக்கு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. குடத்தைப் பிடித்தபடி நின்றேன்.

"ஊத்துங்கண்ணே. வண்டி போனாத்தான நான் இருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வாய் அவளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் அத்தனையும் ஊற்றினேன்.

துணி நனைந்தது... ஆனாலும் தாங்கியது. சேது பதமாக ஓட்டி ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். போதும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒழுகினால் தரை காட்டிக் கொடுத்துவிடும். சத்தமில்லாமல் வற்றுவதை யார் பார்க்கிறோம்? காரில் மட்டுமா, அந்த ஊர் நல்ல தண்ணீர் ஊற்றிலும்தான்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். நர்ஸ் கொடுத்த சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள் செல்லம்மா. பாதியில் நிறுத்தி என்னிடம் நீட்டினாள்.

"மிச்சத்த வண்டிக்கு ஊத்திருங்கண்ணே. அது ஊருக்குத் திரும்பிப் போகணும்ல?"